ஒன்பது டிகிரி

கப்பல் மொராக்கோவிலிருந்து வந்தது.
வயிறு நிறையப் பழுப்பு மணல்.
மணல் என்பது நாங்கள் வைத்த பெயர்,
ஆய்வகத்தார் பாஸ்பேட் பாறை என்பார்கள்.
ரஷ்யாவிலிருந்து வருவது நெருப்பில் பிறந்தது,
பச்சையாக மினுங்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.
இதுவோ கடலடியில் செத்தவர்களின் பாறை.
சல்லடையில் அவ்வப்போது தங்கும்
ஒரு முள்ளெலும்புத் துண்டு,
ஒரு சுறாப் பல்.

இன்றிரவு தங்கியது
என் கட்டைவிரல் நகத்தளவு.
விளிம்பு இன்னும் கூர்.
கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன், விதிப்படி தப்பு.
அந்நேரம் என் கடைவாய்ப் பல்லும்
விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது,
பங்காளி வந்த வீட்டில் குரல் உயர்வதுபோல.

முதல் தொட்டியில் நைட்ரிக் அமிலம், அறுபத்தைந்து டிகிரி.
பாறை விழுந்ததும் சீறும், நுரைக்கும்.
நுரையடக்கும் எண்ணெய் ஒரு குவளை.
ஐந்து கோடி வருடப் பிடிவாதம்
என் காபி ஆறுவதற்குள் கரைந்துவிடும்.

கரைப்பது சுலபம்.
பிரிப்பதுதான் பெரும்பாடு.
சுண்ணாம்பைத் தனியே கழற்ற வேண்டும்,
அதற்குச் சூடு உதவாது.
உறைநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால்
நைட்ரேட்டின் கையைப் பிடித்துக்கொண்டு
ஆலங்கட்டி மாதிரி அதுவே வெளியேறும்.
எங்கள் ஃபியோர்டு தரும் குளிருக்கு
யாரும் பில் அனுப்புவதில்லை.

இரண்டு மணி பத்துக்குத் தண்ணீர் நின்றது.
மூன்றாம் படிகக் கலன்:
ஐந்து.
ஏழு.
ஒன்பது.
ஒட்லைவ் டார்ச்சோடு ஓடினான்.
வாக்கி டாக்கியில் கரகரத்தது அவன் குரல்:
"ஜெல்லிமீன், தோர்குன்! வலை முழுக்க ஜெல்லிமீன்!"
எலும்பில்லாத, பல்லில்லாத ஒன்று
ஆலையையே நிறுத்திவிட்டது.

என் கை அம்மோனியா வால்வில்.
ஒன்பது டிகிரியில் இதைத் திறந்துவைத்தால்
வெளியேறாத சுண்ணாம்பு
பழைய துணையை மறுபடி கட்டிக்கொள்ளும்.
வேர் நக்கியும் கரையாத வெள்ளைப் பொடி.
அமிலம், மின்சாரம், அத்தனை கடல்,
எல்லாம் கடந்து பாறை
பாறையாகவே ஊர் திரும்பும்.
மூடினேன்.
மேற்பார்வையாளர் தூக்கத்திலேயே கேட்டார்: "எத்தனை டன்?"
"எழுபது."
ஒரு கெட்ட வார்த்தை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு "சரி."

நாலரைக்குத்தான் வலை சுத்தமானது.
ஒட்லைவின் மணிக்கட்டுகளில் சிவப்புச் சவுக்கடிகள்.
வினிகர் தேடப் போனவன்
மேசையில் கிடந்த சுறாப் பல்லைப் பார்த்தான்,
என்னைக் கேட்காமலே
மாதிரிக் குடுவை அமிலத்தில் போட்டான்.
சின்னச் சின்னக் குமிழ்கள்.
கூர் போனது, பிறகு ஓரம், பிறகு
எது பல், எது தண்ணீர் என்ற பேச்சே இல்லை.
என் பல்வலி ஒரு கணம் மூச்சடக்கியது.

ஆறு. இரண்டு. மைனஸ் மூன்று.
கண்ணாடித் துளை வழியே முதல் படிகம்.
மறுபடி வால்வைத் திறந்தேன்.

கோபுர உச்சியில் ஓட்டை வாளி சுழல்கிறது.
உருகிய குழம்பு துளித்துளியாகக் குதிக்க
கீழிருந்து காற்று ஏறி ஏந்த
தரை தொடுமுன் மிளகளவு வெள்ளை மணி.
தகரத்தில் மழையின் சத்தம், நனையாத மழை.
மூட்டையில் இரண்டு எண்கள், மூன்றாவது இடத்தில் சைபர்.
யார் வயலுக்கு என்று ரசீதில் இருக்கும்.
நான் படிப்பதில்லை.

பத்து மணிக்குப் பல் மருத்துவர்.
"அமிலம் புழங்கும் இடத்தில் வேலையா?"
சிரிக்க வழியில்லை, வாய் நிறையப் பஞ்சு.
துளையை அடைத்துவிட்டு
மற்ற பற்களுக்கெல்லாம் ஃப்ளோரைடு பூசினாள்.
"மெல்ல மெல்லப் பல்லைப் பாறையாக்கும்," என்றாள்.
பாறை எவ்வளவு நேரம் தாங்கும் என்று
எனக்குத் தெரியும்.
"அரை மணி நேரம் காபி கூடாது," என்றாள்.